ஹார்ன் பாக்ஸா, சாதா பாக்ஸா?

கொடை, திருவிழா என்று மைக் செட் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஆயிரம் வாட்ஸ்?" என்பதைத்தான். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தக் கேள்வியே தவறு என்று சீசனுக்குச் சீசன் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ் என்பது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் சக்தி. அதில் எவ்வளவு சத்தமாக மாறும் என்பது பாக்ஸின் கையில் இருக்கிறது.

பேஸ் என்னும் கனத்த அடி ஒலிக்கான சாதா பாக்ஸில் 18 இன்ச் ஸ்பீக்கர் வெளிக்காற்றை நேராகத் தள்ளுகிறது. ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோன் கனம், காற்று லேசு. வெறும் கம்பால் தண்ணீரைத் தள்ளுவது போலத்தான். 100 வாட்ஸ் உள்ளே போனால் சில வாட்ஸ்தான் ஒலியாக வரும், மிச்சமெல்லாம் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளான காயிலில் சூடு. ஹார்ன் பாக்ஸில் ஸ்பீக்கர் உள்ளே மறைந்திருக்கும். குறுகலாகத் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் பாதை வழியாக ஒலி வெளியே வரும். கோயில் ஊர்வலத்தில் ஊதும் கொம்பைப் பாருங்கள், ஒரே ஆளின் மூச்சு தெருக்கோடி வரை கேட்கிறதே, அதே வேலைதான் இதுவும். நல்ல ஹார்ன் பாக்ஸ் அதே வாட்ஸுக்கு 6 டெசிபல் கூடுதலாகக் கொடுத்தால், சாதா பாக்ஸில் அதை எட்ட ஆம்ப் பவரை நான்கு மடங்காக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவருக்கு இதன் அருமை தெரியும். கோன் குறைவாக அசைவதால் சத்தம் ஏறினாலும் தெளிவு கெடாது.

ஆம்பில் சில வாட்ஸே கிடைத்த 1920, 30களில் பெரிய சினிமா தியேட்டர்களை நிரப்பியது ஹார்ன்தான். 1940களில் அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையின் இரண்டு சுவர்களையே தன் ஹார்னின் கடைசிப் பகுதியாக்கிக்கொண்டது. இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சிக்கல், அளவில்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 8.5 மீட்டர் நீளம். ஹார்ன் வாயின் சுற்றளவும் கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தால்தான் அந்த ஒலிக்கு அது முழு ஹார்னாக வேலை செய்யும். அதை எந்தக் குட்டி யானையில் ஏற்றுவது? தரையில் வைத்தால் வாயின் பரப்பு பாதி போதும். நான்கு பாக்ஸை ஒட்டி அடுக்கினால் நான்கு வாயும் சேர்ந்து ஒரே பெரிய வாயாகிவிடும். இது தெரியாமல் முதலில் இரண்டே இரண்டு வாங்கி, மேடைக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்தேன். மேல்பேஸ் மட்டும் முட்டிக்கொண்டு வந்தது, நெஞ்சில் இறங்கும் அடி வரவே இல்லை. ஒற்றை ஹார்ன் வாங்கப் போகிறவர்களிடம் சொல்கிறேன்: அந்தப் பணத்துக்கு நல்ல சாதா பாக்ஸ் வாங்குங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு நான் ஹார்ன் கொண்டுபோவதே இல்லை. அங்கே சுவரும் மூலையும் பேஸை ஏற்றிக் கொடுத்துவிடும், சாதா பாக்ஸ் இரண்டு போதும். திறந்த மைதானம், ஆயிரக்கணக்கில் கூட்டம் என்றால் மட்டும் ஹார்ன். அப்புறம், ஹார்னுக்குள் மடித்து வைத்த ஒலிப் பாதை 2 மீட்டர் என்றால் பேஸ் சுமார் 6 மில்லிசெகண்ட் பின்தங்கும். பேஸுக்கு மேலுள்ள ஒலிகளைத் தரும் டாப் பாக்ஸுக்கு அந்தத் தாமதத்தைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

இப்போது என்னிடம் நான்கு இருக்கிறது. மேடைக்கு இருபுறமும் பிரித்து வைத்தால் ஓர் இடத்தில் அடி விழும், நாலடி தள்ளினால் காணாமல் போகும். இரண்டு பக்க அலைகளும் அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வருகிற ஆடிக் கொடைக்கு நான்கையும் மேடைக்கு முன்னால் நடுவில் சேர்த்து வைக்கலாம் என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் அழகு" என்கிறார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.