பதினாறு காலுக்கு ஒரு பெருக்கல் குறி

மகள் மூன்றாம் வகுப்பு. பிடித்த பூச்சியை வரையச் சொன்னதற்கு, எங்கள் கறிவேப்பிலைச் செடியில் இருந்த பச்சைப் புழுவை வரைந்தாள். கிட்டே போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துப் பதினாறு கால் போட்டாள். நோட்டு திரும்பி வந்தபோது படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் 'பூச்சிக்கு 6 கால்'.

டீச்சரைத் திட்டவில்லை. நானும் அப்படிப் படித்தவன்தான். தலை, மார்பு, வயிறு. மார்பில் மூன்று ஜோடிக் கால். வயிற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான்.

அந்தப் புழுவைத் தண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். முன்னால் முள் மாதிரி கூரான ஆறு கால். பாதி உடம்பு தாண்டியதும் தடித்த, சதைப்பற்றான குட்டிக் கால்கள் நான்கு ஜோடி, வால் நுனியில் இன்னொரு ஜோடி. இழுத்தால் முன்கால் உடனே விட்டுவிடும், வயிற்றுக்கால் விடாது. அடியில் பொடிப் பொடிக் கொக்கிகள் இருக்கின்றன. பள்ளிப் பையின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். (ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி நாற்றமடிக்கும், ஜாக்கிரதை.)

கரப்பானுக்கும் வயிற்று நுனியில் ஒரு ஜோடி உறுப்பு உண்டு, நடக்க அல்ல, உணர. விலங்கியல் படித்தவர்களுக்கு 'ஏனல் செர்சை' ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றிலும் இருநூறு சொச்சம் மெல்லிய மயிர்கள். செருப்பை ஓங்கும்போது கிளம்பும் காற்று அதில் பட்டால் போதும், ஐம்பது அறுபது மில்லிசெகண்டில் திரும்பிவிடும். நாம் கண்ணுக்குத் தப்பிப் பின்னாலிருந்து அடிக்கிறோம், அதற்குப் பின்னால்தான் காவலே.

ஞாயிற்றுக்கிழமை இறால் உரிக்கிறவர்கள் வாராந்திரப் பாடமாகவே பார்க்கலாம். வாலுக்கு முன்னால் துடுப்பு மாதிரி ஐந்து ஜோடி, நீந்துவதற்கு. ஆற்று இறாலில் பெண் தன் முட்டைகளை அந்தத் துடுப்புகளில்தான் ஒட்டிச் சுமக்கும். பண்ணையில் வளர்க்கும் வனாமி சுமக்காது, தண்ணீரிலேயே விட்டுவிடும். தேளுக்கு வயிற்றடியில் சீப்பு மாதிரி ஒரு ஜோடி, தரையைத் தடவி மோப்பம் பிடிக்க. சிலந்தி நூல் விடும் குழாய்களும் வயிற்றில் முளைத்த உறுப்புகள்தான்.

அப்படியென்றால் பூச்சிக்கு மட்டும் ஏன் ஆறு? கால் முளைக்காமல் போனதல்ல, முளைக்க விடாமல் தடுத்தது. அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு கருவிலேயே வயிற்றுக் கால்களை அடக்கிவிடுகிறது. இறால் குஞ்சுக்குத் தீனியாகப் போடும் ஆர்டீமியா என்ற, நிறையக் கால் கொண்ட குட்டி உயிரியிலும் அதே மரபணு உண்டு. அதைப் பழ ஈயின் கருவில் செயல்பட வைத்துப் பார்த்தார்கள். ஈயின் சொந்த மரபணு அடக்கிய அளவுக்கு அது கால்களை அடக்கவில்லை. 2002இல் வந்த ஆய்வு இது. வண்ணத்துப்பூச்சிப் புழுவிலோ, வயிற்றுக்கால் முளைக்கும் இடங்களில் மட்டும் அந்த மரபணு அணைந்துவிடுகிறது. பூட்டு இருக்கிறது, சாவியும் வீட்டிலேயே இருக்கிறது.

'ஆறு' தப்பில்லை. ஆனால் எண்ணிப் பார்த்த பிள்ளையிடம் "எந்த ஆறு, மீதிப் பத்து எங்கே?" என்று கேட்டிருக்கலாம். ஒரு பீரியட் முழுக்கப் போயிருக்கும், போகட்டுமே.

அந்தப் புழுவை டப்பாவில் வைத்துக் கறிவேப்பிலை போட்டு வளர்த்தோம். கூட்டுப்புழுவாகி, பதினொன்றாம் நாள் காலை வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. மகள் எண்ணினாள். ஆறு.

"மீதிக் காலெல்லாம் எங்கப்பா போச்சு?" என்றாள்.