நாசிக் போட்டோவும் சொந்தக்காரங்க மானமும்

மகாராஷ்டிராவுல, நாசிக் ஒயின் தோட்டத்துல எடுத்த அந்தப் போட்டோவை நான் அழிக்கப்போறதில்ல. அந்தப் போட்டோவுக்காக குடும்ப வாட்ஸாப் குரூப்ல சொந்தக்காரங்க என்னைத் திட்டி, நேத்து ராத்திரி நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவங்க கொடுத்து வச்சவங்க.

சூலா ஒயின் தோட்டத்துக்குப் போனோம். நான், எங்க வீட்டுக்காரர், அத்தை, பையன். திராட்சைக் கொடி, தள்ளி கங்காபூர் அணைத் தண்ணி, திரும்புன பக்கமெல்லாம் குடும்பம் குடும்பமா ஆளுங்க. டேஸ்டிங்னா என்னன்னு நினைச்சீங்க? கிளாஸ் அடியில கொஞ்சூண்டு ஊத்துவாங்க. சுத்திவிட்டு, மோந்து பார்த்து, ஒரு வாய் வச்சு, பிடிக்கலைன்னா துப்பிடலாம். செனின் பிளாங்னு ஒரு வெள்ளை ஒயின் குடிச்சேன். சிவப்பு ஒயின் துவர்த்துச்சு, துப்பிட்டேன். அத்தை மோந்து மட்டும் பார்த்துட்டு, "கொய்யாப்பழ வாசம்லா அடிக்கி"ன்னாங்க. அம்புட்டுதான்.

இதுக்குத்தான் "திருநெல்வேலி மானமே போச்சு"ன்னு ஒரு பெரிய மனுஷர் எழுதுறார். யாரு? வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு வேன் பிடிச்சு, பொம்பளைங்களை ஐந்தருவியில குளிக்க விட்டுட்டு, வேனுக்குப் பின்னால மிக்சர் பொட்டலத்தோட உக்காருற கோஷ்டிக்குத் தலைவர். சாயங்காலம் அவரைத் தாங்கிப் பிடிச்சு ஏத்துறது மைனி. அதுக்குப் பேரு குடும்பச் சுற்றுலா! ஒளிச்சுக் குடிச்சா மரியாதை, நாலு பேர் பார்க்க ஒரு வாய் ருசி பார்த்தா மானக்கேடு.

"புள்ளையக் கூட்டிட்டுப் போகலாமா?" அவன் பீட்சா தின்னான், புல்லுல உருண்டான். டாஸ்மாக் வாசலைத் தாண்டி ஸ்கூலுக்குப் போற புள்ளைங்களைப் பத்தி குரூப்ல ஒருநாளாவது பேசியிருக்கோமா? "குடியை நியாயப்படுத்துறியா?" இல்லவே இல்ல. குடியால அழிஞ்ச வீடு நம்ம தெருவுலயே இருக்கு. ஆனா அங்க புகுந்தது 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்குற பிராந்தி. ஒயின்ல 12, 13 தான். ரெண்டும் ஒண்ணுதான்னு அடம்பிடிக்கிறவங்ககிட்ட நான் என்னத்தப் பேச?

அப்புறம் ஒருத்தர், "பனையேறி பேத்திதானே, வந்த வழி அப்படி"ன்னு எழுதி, பக்கத்துல சிரிப்பு பொம்மை வேற.

ஆமா, எங்க தாத்தா திசையன்விளையில பனை ஏறுனவர். நெஞ்சுல காய்ப்பு காய்ச்சுக் கறுத்துப்போயிருக்கும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாம விட்டா கள். மரமும் ஒண்ணு, பாளையும் ஒண்ணு. 1987-லேருந்து இங்க கள்ளு இறக்குனா கேஸு. சுண்ணாம்பு பத்தாத ஒரு கலயத்துக்காக அவரை ஸ்டேஷன் திண்ணையில உக்கார வச்சாங்க. அதே தெருவுல பிராந்திக் கடைக்கு அரசாங்கமே போர்டு மாட்டுது. புளியரை தாண்டி கேரளாவுக்குள்ள போனா, கள்ளுக்கடையில பொண்டாட்டி புள்ளையோட உக்காந்து கப்பையும் மீன்கறியும் சாப்பிடுறான். நம்ம ஆளுங்களும் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து "சூப்பர் டேஸ்டு"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கீங்க. அங்க குடிச்சது உங்க தாத்தா இறக்குனதா இருந்தா வச்சிருப்பீங்களா?

என்னைத் திட்டுறதுக்கு அம்மாவுக்கு ஏன் போன் போட்டீங்க? பிரஷர் மாத்திரை போடுற மனுஷி, ராத்திரி பூரா தூங்கல. இனி பேசணும்னா எனக்குப் போடுங்க. நம்பர் எல்லார்கிட்டயும் இருக்கு.