டேங்க் செய்யணுமா, சர்ஜிக்கல் கடைக்குப் போங்க

ஸ்கேல் மாடலிங், அதாவது டப்பாவுல பாகம் பாகமா வர்ற பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி, பெயின்ட் அடிச்சு, நிஜ டேங்க், விமானத்தோட குட்டி வடிவம் செய்யறது, பணக்காரங்க பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு ஏறும். கிட் விலை அதிகம்தான், மறுக்கல. சுங்க அட்டவணையில 9503ங்கிற தலைப்புக்குள்ள பொம்மை, மூணு சக்கர சைக்கிள், புதிர் விளையாட்டு எல்லாத்தோடயும் ஸ்கேல் மாடலும் உட்கார்ந்திருக்கு. 2020 பட்ஜெட்ல பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதத்துலேருந்து 60 ஆச்சு, 2023ல 70. நாற்பது வயசு ஆள் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒட்டுற டி-72 டேங்கும் அரசாங்கக் கணக்குல கிலுகிலுப்பைதான். அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா கிட்டுக்கு வெளியே ஆகுற செலவு இருக்கே, கத்தி, பெயின்ட், பிரஷ், உப்புத்தாள், மாடலை நிறுத்தி வைக்கிற அடித்தளம்னு, அதுல பெரும்பகுதி தண்டம். "ஹாபி"ன்னு லேபிள் ஒட்டினதைத்தான் வாங்கணும்னு மாடலிங் குரூப்புல மூத்தவங்க சொல்றதைக் கேட்டு, புதுசா வர்ற பசங்க கிட்டை விட சாமானுக்கு அதிகமா அழுதுட்டு, ரெண்டாவது கிட் வாங்காமலே ஓடிப்போறாங்க. இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்ல எழுதுறேன்.

ஒரு சாமான் வேணும்னா முதல்ல நான் யோசிக்கிறது, இதே வேலையை நம்ம ஊர்ல வேற எந்தத் தொழில்காரர் தினமும் செய்யறார்னுதான். பிளாஸ்டிக்கை நுணுக்கமா வெட்டணுமா? உலகத்துலயே நுணுக்கமா வெட்டுறவங்க சர்ஜன்கள். பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் இருக்கிற சர்ஜிக்கல் கடையில போய் "3ஆம் நம்பர் கைப்பிடி, 11ஆம் நம்பர் பிளேடு"ன்னு கேளுங்க. எவ்வளவு உசத்தியான ஹாபி கத்தியா இருந்தாலும் முனை கிட்டத்தட்ட இதேதான். பிளேடு சில்லறை விலைக்குக் கிடைக்கும், மழுங்கினா மனசு பதறாம தூக்கிப் போடலாம். "எந்த ஆஸ்பத்திரி சார்?"னு கடைக்காரர் கேட்பார். "டேங்க் பண்றேண்ணே"ன்னு உண்மையைச் சொன்னா அவர் பார்க்கிற பார்வைக்கு மட்டும் தயாரா இருங்க. அப்படியே ரெண்டு சிரிஞ்சும் வாங்கிக்குங்க. ஊசி முனையை உப்புத்தாள்ல தேய்ச்சு மழுக்கிட்டா பெயின்ட்ல தின்னர் சொட்டு சொட்டா விட அதைவிட நல்ல கருவி கிடையாது.

தேய்க்கிறதுக்கு வாட்டர் பேப்பர், 1000, 2000 நம்பர், புதுப்பேட்டையில கார் பெயின்ட் சாமான் விக்கிற கடையில. நுனி பிரஷும் நகம் தேய்க்கிற பஃபரும் பேன்ஸி ஸ்டோர்ல நெயில் ஆர்ட் பகுதியில. வீட்டம்மாவோட போனா கூச்சம் இருக்காது.

இப்போ கிராஃப்ட் கடைக்கு வருவோம். இங்கதான் சண்டையே. ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக் பாட்டிலை மாடலுக்குத் தொடவே கூடாதுன்னு ஒரு கோஷ்டி, எல்லாத்துக்கும் அதுவே போதும்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் பாதிதான் சொல்றாங்க. இந்த பெயின்ட் துணிக்கும் பானைக்கும் செஞ்சது. நிறமித் துகள் பெருசு, குழம்பு கெட்டி. வழுவழு பிளாஸ்டிக் மேல நேரா அடிச்சா ஒட்டாது, நகம் பட்டாலே உரிஞ்சு வரும். 1:72, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு இருக்கிற விமானத்து உடம்புல இருக்கிற மெல்லிய கோடெல்லாம் அதுக்கடியில மூழ்கிடும். காத்தழுத்தத்துல பெயின்ட் தூவுற ஏர்பிரஷ்ல ஊத்தினா முனை அடைச்சு மானம் போகும். ஆனா டேங்க் பெல்ட்டு, சிப்பாயோட மூட்டை, மரப்பெட்டி, மண்ணு, சுவர், பாறைன்னு சொரசொரப்பா இருக்க வேண்டியது எல்லாத்துக்கும் அது போதும், ஏன், பொருத்தமும்கூட. முதல்ல பெயின்ட் ஒட்டறதுக்கு அடிக்கிற அடிப்பூச்சு, சாம்பல் பிரைமர், அப்புறம் தண்ணி கலந்து மெல்லிசா மூணு கோட்டிங், நடுவுல நல்லா காயவிடணும். வழுவழுன்னு இருக்க வேண்டிய டேங்க் உடம்புக்கும் விமானத்துக்கும் மட்டும் டாமியாவோ வயேஹோவோன்னு மாடல் பெயின்ட் கம்பெனிச் சரக்கை வாங்குங்க. நாலு நிறம் போதும், நாற்பது வேண்டாம்.

கிராஃப்ட் கடையோட உண்மையான புதையல் பெயின்ட் இல்லை, சாஃப்ட் பேஸ்டல்ங்கிற, சாக்பீஸ் மாதிரி கலர் குச்சிப் பெட்டி. மாடலைப் பழசா, அழுக்கா காட்ட "வெதரிங் பிக்மென்ட்"னு குட்டி டப்பாவுல விக்கிற தூசிக்குப் பதிலா, பழுப்பும் காவியுமா ரெண்டு பேஸ்டலை உப்புத்தாள்ல தேய்ச்சுப் பொடியாக்கி, பழைய மேக்கப் பிரஷால டேங்க் சக்கரத்துக்கு மேல தட்டிப் பாருங்க. ராஜஸ்தான் புழுதி அப்படியே வந்து உட்காரும். இன்னொண்ணு பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பு ஆயில் கலர் டியூப். வார்னிஷ் அடிச்சுக் காய்ஞ்ச பிறகு, ஒரு துளியை டர்பன்டைன்ல கரைச்சு ஓரங்கள்ல விட்டா பள்ளத்துக்குள்ள தானா ஓடி நிழல் விழுந்த மாதிரி நிக்கும். ஒரு டியூப் வருஷக்கணக்குல வரும்.

அடித்தளத்துக்குக் காசு கொடுக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காது. சன்போர்டு (விளம்பரப் பலகைக்குப் போடுற லேசான அட்டை) துண்டு, ஃபெவிகால், மணல் போதும். மணலை டீ வடிகட்டியில சலிக்கணும், இது முக்கியம். ஒரு மில்லிமீட்டர் துகள் 1:35 அளவுல மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி. சலிக்காத மணலைக் கொட்டினா பாலைவனம் ரோடு போடுற இடம் மாதிரி ஆகிடும். தெர்மகோல்ல மலை செய்யறவங்க ஸ்ப்ரே கேனை நேரா அடிக்காதீங்க, கரைஞ்சு குழி விழும். முதல்ல ஃபெவிகால் பூசி மூடிடணும்.

புல்லு, மரம், வேலி எல்லாம் நவராத்திரிக்கு முன்னாடி மயிலாப்பூர் மாட வீதியில தேடுங்க. கொலு பார்க் போடுறவங்க தலைமுறை தலைமுறையா டயோராமா, அதாவது குட்டிக் காட்சி அமைப்பு, செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க, அவங்களுக்கு அந்தப் பேர் தெரியாது, அவ்வளவுதான். சாயம் போட்ட மரத்தூள் அங்க கிடைக்கிற விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது. டிசம்பர்ல குடில் பேப்பர் வரும், கசக்கி விட்டா பாறை.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடமும் இருக்கு. மாடல் பாகத்தை ஒட்டுற பசையான பிளாஸ்டிக் சிமென்ட் ஒண்ணு. அது ரெண்டு பாகத்தையும் லேசா உருக்கி ஒண்ணாக்குறது, ஃபெவிகால் அந்த வேலையைச் செய்யாது. அக்ரிலிக் ஷீட் ஒட்டுறவங்க பயன்படுத்துற குளோரோஃபார்ம் ஒட்டும்தான், ஆனா ஃபேன் போட்டு ஜன்னல் சாத்தின படுக்கையறையில அதை மோந்துக்கிட்டு உட்காராதீங்க. ஃபெவிக்விக்கை விமானத்தோட கண்ணாடி மூடி பக்கத்துல கொண்டு போனா அதோட ஆவியிலேயே கண்ணாடி வெள்ளையா பூத்துடும். அங்க மட்டும் ஃபெவிகால்தான் ராஜா, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி தெளியும். சிமென்ட் பாட்டில் வாங்கின காசுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுற சட்டத்தைத் துண்டு துண்டா நறுக்கி அந்த சிமென்ட்லயே ஊறவிட்டா இடைவெளி அடைக்கிற புட்டி ரெடி. அதே சட்டத்தை மெழுகுவத்தியில காட்டி இழுத்தா ஆன்டெனா.

இன்னொண்ணு நிப்பர், சட்டத்துலேருந்து பாகத்தை வெட்டி எடுக்கிற குறடு. இதுல மட்டும் எலக்ட்ரிக் கடை கட்டிங் பிளையரை வெச்சு ஒப்பேத்தாதீங்க, பாகத்தோட சேர்த்துக் கடிச்சுடும். நல்லதா ஒண்ணு வாங்கி, அதால செம்புக் கம்பி வெட்டாம ஒளிச்சு வையுங்க, முக்கியமா வீட்டுல இருக்கிறவங்க கண்ணுல படாம.

இது சென்னைக் கணக்கு. கோவை, மதுரை, திருச்சிப் பக்கம் 11ஆம் நம்பர் பிளேடும் வாட்டர் பேப்பரும் எந்தத் தெருவுல மலிவுன்னு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க.