பச்சை நிறம் காட்டினால் காற்றில் ஈயம் இல்லை என்று அர்த்தமா?

நேற்று ஒருவர் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். காற்றுத் தரம் காட்டும் செயலியில் பச்சை தெரியும் படத்தைப் போட்டு, "காற்று சுத்தம்தான், சிலர் பீதியைக் கிளப்புகிறார்கள்" என்று எழுதியிருந்தார். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று பின்னூட்டங்களிலேயே தெரிந்துவிட்டது. சரி, பதில் சொல்லிவிடுகிறேன்.

பச்சை என்பது தூசு எவ்வளவு என்ற கணக்கு. தூசில் என்ன இருக்கிறது என்ற கணக்கு அல்ல. விலை குறைந்த சென்சார், துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கிறது. கடல் உப்பா, ஈயமா என்று அதற்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கு வைத்த ஆண்டுச் சராசரி அளவு, கன மீட்டருக்கு 5 நானோகிராம். அதே கன மீட்டரில் 10 மைக்ரோகிராம் தூசு என்றால் 10,000 நானோகிராம். அதற்குள் காட்மியம் இரண்டு மடங்கானாலும் பச்சை பச்சையாகவேதான் இருக்கும்.

நான் ஆய்வகத்தில், காற்றுத் தூசைப் பிடிக்கும் வடிதாள்களோடு ஆறு வருடம் இருந்தவள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்தால் 24 கன மீட்டர். தாளில் படிவது ஒரு சாம்பல் வட்டம். எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, ஐசிபி-எம்எஸ் என்ற, உலோகங்களைத் தனித்தனியாக அளக்கும் கருவியில் கொடுத்தால்தான் உலோகம் தெரியும். ஒருமுறை காற்றே இழுக்காத வெற்றுத் தாளிலும் துத்தநாகம் வந்தது. தேடினால், எங்கள் கையுறையிலிருந்து ஒட்டியது. அந்த மாதத் துத்தநாகக் கணக்கு முழுவதையும் செல்லாது என்று நானே அடித்தேன். "யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார் மேலதிகாரி. பீதி கிளப்புகிறவள் அதை அடித்திருப்பாளா?

இந்தச் சோதனைக்குச் செலவாகும், முடிவு வர நாளாகும் என்கிறீர்கள். உண்மை. ஆனாலும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காற்றிலுள்ளதைப் பிடித்துவைக்கும் மரத்துப் பாசியைச் சேகரித்துச் சோதித்துத்தான் வண்ணக் கண்ணாடி ஆலைப் பக்கம் காட்மியம் குவிந்திருந்ததைக் கண்டார்கள். 2016இல் அது வெளியே வந்தது.

பெட்ரோலில் ஈயம் போய்விட்டதே என்று இன்னொருவர். போய்விட்டது, 2021இல் கடைசி நாடான அல்ஜீரியாவும் நிறுத்தியது. ஆனால் ஈயம் மட்கிப் போகாது. சாலையோர மண்ணில் இறங்கியது காற்றடித்தால் மறுபடி எழும்பும். பழைய பேட்டரியை உருக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன.

"அவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும்?" என்றும் ஒரு பின்னூட்டம். இதற்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தை தரையில் தவழும். கையை வாயில் வைக்கும். அதனிடம் போய்ப் பச்சையைக் காட்டுவீர்களா?

படம் போட்டவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் பக்கத்துக் காற்று அளக்கும் நிலையத்தில் வடிதாள் எடுக்கிறார்களா, எடுத்தால் உலோகத்துக்குச் சோதிக்கிறார்களா? ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டார். அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். அதில் என்னோடு ஆய்வகத்தில் இருந்தவர்களும் உண்டு.