வாசலில் ஒரு கிடங்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குழாய் வேலைக்கென்று தோண்டிய கிடங்கு இரண்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. நேற்றைய மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர். குனிந்து பார்த்தேன், குடம்பிகள் நெளிகின்றன. அவை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதுமே!

போன வாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். சரி, நல்ல விஷயம்தான். நுளம்பு பெருக இடம்விட்டால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் இந்தக் கிடங்குக்கு யார் பொறுப்பு? வீதி ஒரு பிரிவாம், வடிகான் இன்னொரு பிரிவாம், சுகாதாரம் வேறாம். தோண்ட அனுமதி கொடுக்கும்போதே எப்போது மூடுவீர்கள், தண்ணீர் எங்கே வடியும் என்று சுகாதாரப் பக்கத்தையும் கூட்டிவைத்துக் கேட்டால் என்ன?

2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். என் தங்கச்சியின் மகனும் அதில் ஒருவன். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) கணக்கு இறங்க இறங்க, வார்டு வாசலிலேயே இரவெல்லாம் நின்றோம்.

இன்று காலை முன்வீட்டு அம்மா பழைய தகரத்தை இழுத்துவந்து கிடங்கை மூடப் பார்த்தார். பாதிதான் மூடியது.