மாரியப்பனின் கடைசிக்கு முந்தைய அடி

ஒலிம்பிக்ஸோ பாராலிம்பிக்ஸோ முடிந்த கையோடு டைம்லைனில் ஒரே மாதிரிப் பதிவுகள் வரிசை கட்டும். வறுமை, விபத்து, அம்மாவின் உழைப்பு, கடைசியில் கழுத்தில் பதக்கம். பாராலிம்பிக்ஸ் ஹைஜம்ப் (உயரம் தாண்டுதல்) வீரர் மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி 2016இலிருந்து எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த வார்ப்புதான். அதில் பொய் எதுவும் கிடையாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது, அம்மா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார், ரியோவில் தங்கம். எல்லாம் சரி. இதில் ஹைஜம்ப் எங்கே? 1.89 மீட்டர் என்று ஒரு எண் ஓரமாக வந்துபோகும். அதைத் தாண்டியது எப்படி என்று ஒரு வரிகூட இருக்காது.

என் கருத்து இதுதான். பெரிய விளையாட்டுச் சாதனை நம்மை உலுக்குவதற்கு அந்த வாழ்க்கைக் கதை காரணமில்லை. கதை கண்ணில் நீர் வரவைக்கும், அவ்வளவுதான். நம்மை எழுந்து உட்காரவைப்பது, செய்யப்பட்ட காரியத்தின் கடினம் நம் கண்ணுக்குத் தெரிகிற அந்த நொடி. எவ்வளவுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு வியப்பு கூடும். "மனசு வைத்தால் முடியும்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தக் கடினத்தை அழித்துவிட்டுத்தான் நமக்கு ஊக்கம் ஊட்டப் பார்க்கிறார்கள். மனசு வைத்தவர்கள் எல்லாரும் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஹைஜம்ப்பை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் அளவு எல்லாருக்கும் புரியும். 100 மீட்டர் ஓட்டத்தில் 9.8 நொடிக்கும் 10.1 நொடிக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் சொல்ல முடியாது. 1.89 மீட்டரை இப்போதே வீட்டுச் சுவரில் டேப் வைத்துக் குறித்துப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் தலைக்கு மேலே நிற்கும். அடுத்து, பார்வையாளருக்கும் வீரருக்கும் நடுவே கருவி எதுவும் இல்லை. நான்கு மீட்டர் நீளக் கம்பி, அதிகபட்சம் இரண்டு கிலோ எடை, இரண்டு பக்கமும் சின்னத் தாங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பட்டால் விழும். நடுவர் கொடியைத் தூக்கும் முன்பே முடிவு நமக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: தங்கம் வாங்குகிறவரும் பெரும்பாலும் தோல்வியோடுதான் போட்டியை முடிப்பார். அடுத்த உயரத்தில் மூன்று முறை தொடர்ந்து தவறினால்தான் ஆட்டம் நிற்கும். வென்றவர் எங்கே முடியாமல் நின்றார் என்பதையும் அளந்து காட்டுகிற விளையாட்டுகள் அதிகமில்லை.

இப்போது தாண்டுவதற்கு வருவோம். இன்று எல்லாரும் பார்க்கிற முறை ஃப்ளாப், அதாவது முதுகு கீழே இருக்க மல்லாந்து தாண்டுவது. டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் இதைச் செய்து 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவர் படித்த பள்ளியில் மரத்தூளுக்குப் பதிலாக ஃபோம் மெத்தை போடப்பட்டிருந்தது. அது இல்லாமல் இந்த முறை வளர்ந்திருக்காது, ஏனென்றால் இறங்குவது தோளும் மேல்முதுகும். "ஒரே நாளில் உலகம் மாறியது" என்பார்கள். மாறவில்லை. 1972இல் ஆண்கள் தங்கம், 1976இல் பெண்கள் தங்கம் இரண்டும் வயிற்றைக் கம்பிப் பக்கம் காட்டித் தாண்டும் பழைய ஸ்ட்ராடில் முறைக்கே போயின. பெண்களில் முதன்முதலாக 2 மீட்டர் தாண்டிய ரோஸ்மரி ஆக்கர்மன் (1977, பெர்லின்) ஸ்ட்ராடில்காரர்தான். ஃப்ளாப் ஜெயித்ததற்குக் காரணம் கற்றுக்கொள்வது எளிது, ஓட்ட வேகத்தை அப்படியே உயரமாக மாற்ற வசதி என்பது. இன்னொரு லாபமும் உண்டு. உடல் வில்லாக வளைந்து கம்பியின் மேல் ஒவ்வொரு பாகமாகப் போவதால், உடலின் எடை மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) கம்பிக்குக் கீழேகூடப் போகலாம், ஆள் மேலே போய்விடுவார்.

ஆனால் மேலே மிதக்கிற அந்தக் காட்சியில் வேலை எதுவும் நடப்பதில்லை. அது விளைவு. வேலை எல்லாம் தரையில் முடிந்துவிட்டது. தரையை விட்டுக் கால் எழும்பிய பிறகு எடை மையம் எவ்வளவு உயரம் போகும் என்பதை யாரும் மாற்ற முடியாது. டி.வி. ஸ்லோமோஷனில் காட்டுவது கம்பிக்கு மேலே நடப்பதை. பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய ஒரு நொடியை.

ஓட்டம் பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு காலடி. முதல் பாதி நேர்கோடு, கடைசி நான்கைந்து அடி வளைவு, ஆங்கில எழுத்து 'ஜே' மாதிரி. வளைவில் வேகமாக ஓடும்போது உடல் உள்பக்கமாக, அதாவது கம்பியை விட்டு விலகிச் சாயும். இந்தச் சாய்வுதான் மூலதனம். கடைசி அடியில் காலை ஊன்றியதும் சாய்ந்திருந்த உடல் நிமிர்ந்து வருகிறது. அந்த நிமிர்வே தாண்டுபவரைக் கம்பிக்கு மேலே சுழற்றிப் படுக்கவைக்கிறது. பயத்தில் வளைவை அறுத்து நேராகக் கம்பியை நோக்கி ஓடினால் சாய்வு போச்சு. சாய்வு போனால் சுழற்சிக்காகத் தோளைக் கம்பிப் பக்கம் தானே தள்ள வேண்டிவரும், உயரம் போகும்.

அடுத்தது கடைசிக்கு முந்தைய அடி. பயிற்சியாளர்கள் மைதானத்தில் கத்துவது பெரும்பாலும் இந்த அடியைப் பற்றித்தான். மற்ற அடிகளைவிடச் சற்றே நீளமாக, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி ஓட வேண்டும். ஆனால் வேகம் குறையக் கூடாது. இடுப்பு தாழ்ந்தால்தான் கடைசி அடியில் மேல்நோக்கித் தள்ளுவதற்குத் தூரம் கிடைக்கும். அந்த அடியின் முடிவில் இந்தக் கால் உடலை முன்னுக்குத் தள்ளி, ஊன்றும் கால்மீது ஏற்றிவிட வேண்டும். இங்கே தயங்கினால் எல்லாம் முடிந்தது. கடைசி அடி குறுகலானது, வேகமானது. கால் தரையில் இருப்பது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் எடை மையத்தை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கும் அளவுக்கு உந்தியாக வேண்டும், உலகத்தர ஆண்கள் என்றால்.

இப்போது மாரியப்பனிடம் திரும்புவோம். பழுதானது வலது கால். ஆகவே எம்புவது இடது காலில். இடது காலில் எம்பினால் கடைசிக்கு முந்தைய அடி எந்தக் காலில் விழும்? வலது காலில். முட்டியை மடக்கித் தாங்கி, வேகத்தை விடாமல், உடலை முன்னுக்குத் தள்ள வேண்டிய அந்த அடி, பேருந்துச் சக்கரத்தில் நசுங்கிய காலில் விழுகிறது. அது முடிந்ததும் அதே வலது கால்தான் முட்டியை மடக்கி மேலே வீசி எம்புதலுக்கு வலு சேர்க்கவும் வேண்டும். "ஒரு காலில் தாண்டினார்" என்று எழுதுகிறார்களே, அது தவறு. ஹைஜம்ப்பில் எல்லாருமே ஒரு காலில்தான் எம்ப வேண்டும், விதி அப்படி. அவர் சாதனை, மற்ற காலை அந்த ஓட்டத்துக்குள் பொருத்தியதில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் 1.89.

இது தெரிந்தால் டோக்கியோவும் வேறு மாதிரித் தெரியும். 2021 ஆகஸ்ட் 31, இறுதிப் போட்டியின்போது மழை. மாரியப்பன் 1.86 தாண்டி வெள்ளி, 1.88இல் மூன்று முறையும் தவறினார். அமெரிக்க வீரர் 1.88 தாண்டித் தங்கம். பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துபோனது சிரமம் கொடுத்தது என்று போட்டிக்குப் பிறகு மாரியப்பன் சொன்னார். காலுறைக்கெல்லாம் பதக்கம் போகுமா என்று சிலர் கேலி செய்தார்கள். எந்த அடி அந்தக் காலில் விழுகிறது என்று தெரிந்திருந்தால் கேலி வந்திருக்காது. முந்தைய அடியில் பாதம் ஒரு விரற்கடை வழுக்கினால், கடைசி அடி தவறான இடத்தில் விழும். கம்பிக்கு மிகக் கிட்டே போய்விடுவோம். அப்புறம் ஏறும்போதே கம்பி தட்டுப்படும்.

பார்க்கும்போது உதவும் ஒரு குறிப்பு: கம்பியை எந்த உடல் பாகம் தட்டியது என்று கவனியுங்கள். ஏறும்போதே தோளோ கையோ பட்டால் கிட்டத்தில் எம்பியிருக்கிறார், அல்லது தோளை முன்கூட்டியே சாய்த்துவிட்டார். பிட்டம் பட்டால் காற்றில் 'உட்கார்ந்துவிட்டார்', இடுப்பைத் தூக்கிப் பிடிக்கவில்லை. எல்லாம் போய்க் கடைசியில் கெண்டைக்காலோ குதிகாலோ தட்டினால் உயரம் போதுமானதாகவே இருந்தது, காலை மேலே உதறுவதில்தான் தாமதம். மூன்றாவது வகைத் தோல்வியைப் பார்த்தால் அடுத்த முயற்சியை எழுந்து நின்று பாருங்கள், தாண்ட வாய்ப்பு அதிகம்.

சாதனை பார்த்து ஊக்கம் வருவது உண்மையிலேயே எதையாவது மாற்றுகிறதா என்று கேட்பவர்களுக்கு இந்தியப் பாரா ஹைஜம்ப்பே நல்ல பதில். 2012 லண்டனில் கர்நாடகத்தின் கிரிஷா 1.74 தாண்டி வெள்ளி வாங்கினார். அதுவும் ஃப்ளாப் இல்லை, கத்தரிக்கோல் மாதிரிக் கால்களை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேல் வீசித் தாண்டும் சிசர் முறையில். நான்கு வருடத்தில் ரியோவில் ஒரே போட்டியில் மாரியப்பனுக்குத் தங்கம், வருண் சிங் பாட்டி (Bhati) என்ற வீரருக்கு வெண்கலம். டோக்கியோவில் மாரியப்பன், சரத் குமார், நிஷாத் குமார், பிரவீன் குமார் என, உடல் பாதிப்பைப் பொறுத்த வெவ்வேறு வகைப்பிரிவுகளில், ஹைஜம்ப்பில் மட்டும் நான்கு பதக்கம். 2024 பாரிஸிலும் அதே நால்வர், நான்கு பதக்கம், பிரவீனுக்கு 2.08 மீட்டரில் தங்கம், மாரியப்பனுக்கு 1.85இல் வெண்கலம், தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக்ஸ் பதக்கம். இத்தனை பேரும் இன்னொருவரின் வறுமைக் கதையைப் படித்துவிட்டுத் தாண்டவில்லை. இது செய்யக்கூடிய காரியம், இதற்கு வகைப்பிரிவு இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், இத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்று தெரிந்தது. அதன் பிறகு வேலை நடந்தது.

அனுதாபம் எவ்வளவு குறுகலானது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. கனடாவின் ஆர்னி போல்ட் சின்ன வயதிலேயே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் இல்லாமல், ஒற்றைக் காலால் நொண்டியடித்தே ஓடிவந்து, 1976 டொரண்டோவில் 1.86 தாண்டினார். பிற்பாடு 2 மீட்டரையும் தாண்டினார். நொண்டியடித்து வரும்போது முந்தைய அடியும் கடைசி அடியும் ஒரே காலில் விழுகின்றன; அந்தக் கால் இறங்கிய அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் மறுபடி எம்பியாக வேண்டும். இரண்டு காலும் நன்றாக உள்ள, நன்கு பயிற்சி பெற்ற ஒரு ஹைஜம்ப் வீரரை இப்படி ஓடித் தாண்டச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் "பாவம்" என்ற சொல் வாயில் வராது.

உயரமானவர்களுக்கான விளையாட்டு என்ற பேச்சும் பாதி உண்மைதான். உயரம் பெரிய லாபம், மறுக்க முடியாது. 1993இல் சலமாங்காவில் 2.45 தாண்டி உலக சாதனை வைத்த கியூபாவின் சோட்டோமேயர் 1.90க்கு மேல் உயரம். அதே சமயம் 1.81 உயர ஸ்வீடன் வீரர் ஸ்டெஃபான் ஹோல்ம் உள்ளரங்கில் 2.40 தாண்டியிருக்கிறார், தலைக்கு மேலே 59 செ.மீ. எனக்கு சோட்டோமேயரின் எண்ணைவிட ஹோல்மின் எண் பெரிதாகத் தெரிகிறது. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கடைசியாகப் பள்ளிகளைப் பற்றி. மாரியப்பன் வீடியோ பார்த்த பையனோ பெண்ணோ மறுநாளே மைதானத்தில் மல்லாந்து தாண்டப் பார்ப்பார்கள். பி.டி. மாஸ்டர்கள் இதைத் தடுத்தே ஆக வேண்டும். மணல் குழியில் ஃப்ளாப் கூடவே கூடாது. கழுத்தில் விழுந்தால் மணல் தாங்காது. பெரிய சர்வதேசப் போட்டிக்கான மெத்தை குறைந்தது 6 மீட்டருக்கு 4 மீட்டர், 70 செ.மீ. கனம் இருக்க வேண்டும் என்கிறது விதி. பழைய பஞ்சு மெத்தைகளை அடுக்கி வைப்பது இன்னும் மோசம், நடுவில் பிளவு விட்டுக் கால் சிக்கும். மெத்தை இல்லாத பள்ளியில் சிசர் போதும். காலில் இறங்குவதால் மணல் குழியிலேயே செய்யலாம். இரும்புக் குழாயைக் கம்பியாக வைக்காமல் ரப்பர் கயிறு கட்டுங்கள், பயம் போகும். சுண்ணாம்புப் பொடியால் வளைவை வரைந்து, கம்பியே இல்லாமல் அதன்மேல் ஓடவிடுங்கள். ஊன்றும் பாதம் ஓடிவரும் திசையில் நீள வேண்டும்; கம்பிக்கு இணையாகத் திரும்பினால் கணுக்கால் பிசகும். எந்தக் காலில் எம்புவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்: பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முன்னே வருகிறது என்று பார்த்து முடிவு செய்யும் பழக்கம் உண்டு, அதை நம்பாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் பத்துப் பத்து முறை சிசர் தாண்டச் சொல்லி, எதில் உயரம் வருகிறதென்று அளந்து பாருங்கள்.