ரோபோ வந்தால் அண்ணன் போகணுமா?

எங்கள் குடியிருப்பு விவகாரம் தெரிந்தவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம். ரோபோ புல்வெட்டி வந்தாச்சு, தோட்டக்கார அண்ணன் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாமாம். வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கட்டைவிரல்கள்.

உடனே "தொழில்நுட்ப விரோதி" என்று கிளம்பாதீர்கள். ஸ்வீடன் நிறுவனமான ஹஸ்க்வர்னா 1995லேயே சூரிய ஒளியில் தானாக ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்துவிட்டது. நல்ல மெஷின்தான். ஆனால் அது வெட்டும். அவ்வளவுதான் செய்யும்.

அடியில் சுழலும் தட்டில் சவர பிளேடு மாதிரி மூன்று கத்திகள். நம்ம லானில் இருப்பதோ கொரியன் புல். முரட்டு இலை, கத்தி சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் வெட்டாது, கிழிக்கும். நுனி காய்ந்து லானே பழுப்படிக்கும். மூன்றையும் திருகாணியோடு சேர்த்தே மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு அதிரும். யார் மாற்றுவது? இந்தப் புல் மேடு மேடாகத் திரளும், சக்கரம் மாட்டிக்கொள்ளும். யார் தூக்கிவிடுவது? சுவரோரம் ஒரு சாணுக்கு எட்டாது, பிரஷ் கட்டர் வேண்டும். வண்டி எதுவரை போகலாம் என்று காட்டும் எல்லை ஒயர் மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. செம்பருத்தி நட ஒரு வெட்டு போட்டால் அறுந்தது, வண்டி நின்றது. "ஒயர் இல்லாத மாடல் இருக்கே" என்பவர்களுக்கு: அதில் பலதும் சாட்டிலைட்டை நம்பி ஓடுபவை, அதற்கு வானம் திறந்திருக்கணும். நாலு பக்கமும் பத்து மாடி நிற்கிற இடத்தில் சாட்டிலைட் எங்கே கிடைக்கும்?

கோரைக் களையை ரோபோ மேலாகச் சீவிவிட்டுப் போகும். கிழங்கு அடியில் பத்திரமாக இருக்கும். அண்ணன் குத்துக்காலிட்டு, களைக்கொத்தைச் சாய்த்து நெம்பி, கிழங்கு அறாமல் எடுப்பார். மழைக்கு மறுநாள்தான் இதைச் செய்வார், மண் இளகியிருக்கும் என்று.

"உன் வீட்டில் வாஷிங் மெஷின் இல்லையா?" இருக்கு. அதற்கென்ன இப்போ?

"சங்கத்தில் பணமில்லை." இது நியாயமான பேச்சு. அப்படியானால் அதைச் சொல்லுங்கள், ரோபோ தலையில் போடாதீர்கள். அவருக்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கலாமே என்று கேட்டேன். ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை.

இரவில் ஓட்டப் போகிறார்களாம், யாருக்கும் தொந்தரவில்லையாம். முள்ளெலிகள் வெட்டுப்படுகின்றன என்று ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் இந்த இரவு ஓட்டத்தையே தடை செய்தது. இங்கே தவளைக்கு யார் பேசுவார்கள்? மனுஷனுக்கே பேசவில்லை.

இன்னொன்று. பேஸ்மென்ட் வடிகால் வலையில் அடைக்கிற இலையை வாரியதும் அவர்தான், அது அவர் வேலையே இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் கார் பார்க்கிங்குக்குள் ஏறும்போது, கட்டைவிரல் போட்ட அத்தனை பேரும் வாளியோடு வந்துவிடுங்கள்.